கதவுக்குப் பின்னால் இருந்த கணக்கு

எங்க பெரியப்பா கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன். ஆனா எங்க ஊர்ச் சாவுக் கணக்கு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. அவர் வெட்டியான். ஊர்த்தெருவுக்குப் பொணம் எரிக்கிறதும் சேரிக்குக் குழி வெட்டுறதும் அவர்தான். எங்க ஊர்ல ரெண்டு சுடுகாடு. ஏரிக்கரை ஓரமா சிமெண்டு மேடை கட்டி, தகரக் கொட்டகை போட்டு, தண்ணிக் குழாய் வச்சது ஊர்க்காரங்களுக்கு. ஓடைக்கு அந்தாண்ட, மழை பெஞ்சா தண்ணி நிக்கிற புறம்போக்கு எங்களுக்கு. செத்த பிறகும் ஒண்ணா சேராத இந்த ரெண்டு சனத்தோட சாவையும் பக்கத்துல நின்னு பார்த்த ஒரே ஆள் பெரியப்பா.

அவர் வீட்டுக் கதவோட பின்பக்கம் பூரா கரிக்கோடு. ஊர்ல சுடுகூலியைக் கையோட கொடுக்க மாட்டாங்க. ‘அப்புறம் வாடா’ என்பார்கள். எத்தனை பொணத்துக்குப் பாக்கி என்று கேட்டு வாங்குவதற்காக அவர் போட்டுவைத்த கோடுகள் அவை. சாய்ச்சுப் போட்ட கோடு ஊர்ப் பொணம். நேர்க்கோடு சேரிப் பொணம். சேரிக் குழிக்குக் கூலி கிடையாது, ஆனாலும் கோடு போடுவார். “நம்ம சனத்த மட்டும் கணக்குல வுட்டுட்டா எப்பிடி?” என்பார். பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கதவில் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடுத்த வருசத்தைத் தொடங்குவார்.

இந்தத் தொழிலை விடச் சொல்லி அவரோடு நான் போடாத சண்டை இல்லை. எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு, இயக்கத்துல சேர்ந்து, பறையடிக்க மாட்டோம் பொணம் சுட மாட்டோம்னு ஊர் ஊராப் போய்ப் பேசுறேன். என் சொந்தப் பெரியப்பா ஊர்க்காரன் பொணத்தைப் பொரட்டிப் போட்டு எரிச்சிட்டு வர்றார். கூட்டத்துல யாராவது எழுந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அவரிடம் கேட்டால், “நான் வுட்டுர்றேன் பாப்பா, உங்க பெரியம்மாளுக்கு நீ சோறு போடறியா?” என்று திருப்பிக் கேட்பார். என் கையிலே அப்போது பஸ் சார்ஜுக்கும் காசு இருக்காது.

2021 மே மாசம் வந்தது. இரண்டாவது அலை என்று பேப்பர்காரர்கள் பெயர் வைத்த மாசம். ஊரடங்கு. எங்க சேரியில வீட்டுக்கு வீடு காய்ச்சல். பரிசோதனைக்கு யாரும் போகவில்லை. போனா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க, போனவங்க பொணமாக்கூட வீட்டுக்கு வர்றதில்லைன்னு பயம். முதல் வருசம் சென்னையில நோய் வந்த தெருவுக்குத் தகரம் அடிச்சு அடைச்சதை டி.வி.யில பார்த்த சனம் அது. அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போனாத்தான் அடுப்பெரியும் என்கிற வீட்டிலே, காய்ச்சல் என்று வெளியே சொல்வதே பிழைப்புக்கு ஆபத்து. கசாயம் குடிச்சிட்டுப் படுத்தாங்க. சிலர் எழுந்தாங்க, சிலர் எழவில்லை.

பெரியப்பா ஒரே நாளில் ஏரிக்கரையில் இரண்டு எரித்துவிட்டு, ஓடைக்கு அந்தாண்ட வந்து ஒரு குழி வெட்டினதை நான் பார்த்தேன். பொம்பளைப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க ஆள் இல்லை. சொந்தப் பிள்ளைகளே பாடையைத் தொடப் பயந்து தள்ளி நின்ற நேரம் அது. காலங்காலமாகத் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைதான் கடைசியில் எல்லாரையும் தொட்டது. அந்தக் கைக்கு ஊர் கொடுத்தது ஒரு துணி முகக்கவசமும், பொணத்துக்கு ஐநூறு ரூபாய் கூடுதலும். ஜூன் இரண்டாவது வாரத்தில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மூணே நாள். கதவிலே கடைசி நேர்க்கோட்டைப் போட்டது என் அண்ணன். அது பெரியப்பாவுக்கு.

சாவைப் பதிய கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நானும் அண்ணனும் போனோம். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் ‘நெஞ்சுவலி’ என்று எழுதினார்கள். “மூச்சுத் திணறித்தான் செத்தார், அந்த மாசம் அவர் கையால எரிச்ச பொணம் எத்தனைன்னு தெரியுமா?” என்று கேட்டேன். “டெஸ்ட் எடுத்த பேப்பர் இருக்காம்மா?” என்று கேட்டார்கள். பேப்பர் இல்லை. அத்தோடு முடிந்தது. அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். காய்ச்சல், முதுமை, நெஞ்சுவலி, சர்க்கரை. கொரோனா என்று எழுதியிருந்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேரும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் செத்த ஊர்த்தெருக்காரர்கள்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவம் படித்த தோழர் ஒருவர் எனக்கு ஒரு விசயத்தைச் சொன்னார். “எந்த நோயால செத்தாங்கன்னு கேட்டா அவன் பேப்பர் கேப்பான். அதக் கேக்காதீங்க. வழக்கமா எத்தனை பேர் சாவாங்க, இப்ப எத்தனை பேர் செத்தாங்கன்னு மட்டும் கேளுங்க.” இதற்குக் கூடுதல் சாவுக் கணக்கு என்று பெயர். கொள்ளைநோய்க்கு முந்தின சில வருசங்களில், சாதாரணமாக ஐந்து வருசங்களில், விழுந்த சாவை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். சனத்தொகை கூடியிருந்தால், கிழவர்கள் பெருகியிருந்தால், அதற்கும் திருத்தம் செய்கிறார்கள். கொள்ளைநோய் வராமல் இருந்திருந்தால் இத்தனை சாவு விழுந்திருக்கும் என்று ஓர் எண் கிடைக்கும். உண்மையில் விழுந்த சாவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது கூடுதல். டாக்டர் என்ன எழுதினார், அரசு எதை மறைத்தது என்பதெல்லாம் இந்தக் கணக்கைத் தொடாது. பொணத்தை எண்ணியிருந்தால் போதும்.

இது புதுசும் இல்லை. இலண்டனில் துணிமணி வியாபாரம் செய்த ஜான் கிரான்ட் என்பவர் 1662இல் போட்ட புத்தகத்திலேயே இந்த யோசனை இருக்கிறது. அந்த நகரத்தில் வாராவாரம் செத்தவர் கணக்கை அச்சிட்டு விற்பார்கள். பொணத்தைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் வேலை ஏழைக் கிழவிகளுடையது. சாவைத் தொடும் வேலையை அங்கேயும் இல்லாதவர்களிடம்தான் தள்ளியிருக்கிறார்கள். பிளேக் என்று தெரிந்தால் வீட்டை நாற்பது நாள் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டுவிடுவார்கள். அதனால் சனம் மறைத்தது, கிழவிகளுக்குக் காசு கொடுத்து வேறு நோய் எழுதவைத்தது. கிரான்ட் என்ன செய்தார்? பிளேக் வந்த பழைய வருசங்களில் மற்ற நோய்களின் சாவும் சேர்ந்து ஏறியிருப்பதைப் பார்த்தார். அந்த ஏற்றமும் பிளேக்தான் என்றார். அவர் சொன்ன மூன்றாவது வருசமே, 1665இல், பெரிய பிளேக் வந்தது. அந்த வருசக் கணக்கில் மொத்தச் சாவு 97,306. பிளேக் என்று எழுதினது 68,596. மீதி 28,710 பேர் வேறு காரணத்தால் செத்ததாக எழுதியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வருசங்களில் எல்லா நோயும் சேர்ந்தே அங்கு இருபதாயிரம் சாவைத் தொடவில்லை. 1847இல் இலண்டனில் இன்ஃப்ளூயன்சா பரவியபோது வில்லியம் ஃபார் என்பவர் இதை ஒரு முறையாகவே செய்து காட்டினார்.

இதைக் கேட்ட அன்று ராத்திரி டார்ச் லைட்டோடு பெரியப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெரியம்மா ஒண்ணும் கேட்கவில்லை. நோட்டில் ஒவ்வொரு கோடாக எடுத்து எழுதினேன். ஐந்து வருசத்துக் கோடுகள் 131. வருசத்துக்கு 26 சாவு. குறைந்த வருசம் 24, கூடின வருசம் 29. 2021 பொங்கலிலிருந்து பெரியப்பா செத்தது வரை ஐந்து மாசத்தில் மட்டும் 29 கோடுகள். ஐந்து மாசத்துக்கு வழக்கமாக விழ வேண்டியது 11. பதினெட்டுச் சாவு கூடுதல். அரசுக் கணக்கில் கொரோனா சாவு இரண்டு.

இதில் குறை உண்டு. எந்த மாசம் எத்தனை என்று கதவில் இல்லை. பட்டணத்திலேயே எரித்துவிட்ட இரண்டு பேருக்கும் கோடு இல்லை. சின்ன ஊர்க் கணக்கு எப்போதும் ஆடும். ஒரு வேன் கவிழ்ந்தால் அந்த வருசம் நாலு சாவு ஏறிவிடும். அதனால்தான் இந்தக் கணக்கை மாவட்டம், மாநிலம், நாடு என்று பெரிய சனத்தொகைக்குப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு முழு வருசத்துச் சாவு ஐந்து மாசத்தில் விழுந்ததை வேன் கவிழ்ந்த கணக்கில் சேர்க்க முடியாது.

நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2021 கடைசி வரை இந்திய அரசு ஒப்புக்கொண்ட கொரோனா சாவு 4 லட்சத்து 81 ஆயிரம். 2022 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு வருசத்துக்கும் சேர்த்து இந்தியாவில் கூடுதல் சாவு 47 லட்சம் என்றது. பத்து மடங்கு. எங்களிடம் சொந்தப் பதிவு இருக்கும்போது நீங்கள் மாதிரி போட்டு மதிப்பிடுவது தப்பு என்று அரசு கோபப்பட்டது. சரி, அந்தச் சொந்தப் பதிவு என்ன சொல்கிறது? 2021ஆம் வருசத்துப் பதிவை 2025 மே மாசம்தான் வெளியிட்டார்கள். 2020இல் பதிவான சாவு 81 லட்சம். 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருசத்தில் 21 லட்சம் ஏற்றம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதால் ஏறியது என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் குறிப்பிட்ட ஊர்களையும் வார்டுகளையும் தேர்ந்தெடுத்து வீடு வீடாகப் போய் எடுக்கும் மாதிரிப் பதிவு என்று அரசிடமே இன்னொரு கணக்கு உண்டு. அதன்படி 2020இல் ஆயிரம் பேருக்கு 6.0 சாவு, 2021இல் 7.5. ஆயிரத்துக்கு ஒன்றரைதானே என்று தோன்றும். 137 கோடி சனத்துக்கு அது 20 லட்சம் உயிர். அந்த 2021ஆம் வருசத்தில் அரசு கொரோனா சாவு என்று சொன்னதோ சுமார் 3.3 லட்சம்.

கூடுதல் என்பது நோய் கொன்றது மட்டும் இல்லை. பஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி போக முடியாத பிரசவக்காரி, ரத்தச் சுத்திகரிப்பு நின்றுபோன சிறுநீரக நோயாளி, ஊரடங்கில் வேலை போய்ப் பட்டினி கிடந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். ரோட்டில் வண்டி ஓடாததால் விபத்தில் சாகாமல் தப்பித்தவர்கள் அதில் கழிந்து போயிருப்பார்கள். வரவும் செலவும் பார்த்து மிஞ்சின பாக்கி அது.

இனி, கதவுக் கணக்கை நான் இரண்டாகப் பிரித்ததைச் சொல்ல வேண்டும். எங்க ஊரில் ஊர்த்தெருவில் சுமார் 2,400 பேர். சேரியில் 1,200 பேர். 2021இன் 29 கோடுகளில் சாய்ந்த கோடு 13, நேர்க்கோடு 16. சனத்தொகையில் பாதி இருக்கிற நாங்கள் சாவில் முந்தியிருந்தோம். அதுகூட எனக்கு அதிர்ச்சி இல்லை. கொள்ளைநோய்க்கு முந்தின அந்த ஐந்து வருசத்தைப் பிரித்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. ஊர்த்தெருவுக்கு 76. சேரிக்கு 55. வருசத்துக்கு ஆயிரம் பேருக்கு ஊரில் ஆறு சொச்சம், சேரியில் ஒன்பதுக்கு மேல். எந்த நோயும் வராத, பேப்பரில் எந்தச் செய்தியும் வராத சாதாரண வருசத்திலேயே இப்படி. அதுவும் சேரியில் கிழவர்கள் குறைச்சல். அறுபதைத் தாண்டுகிறவர்களே கொஞ்சம்தான். கிழவர் குறைந்த இடத்தில் சாவு குறைவாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்தக் கணக்குமுறையை உண்டாக்கினவர்கள் ‘வழக்கமான சாவு’ என்கிறார்கள். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொள்ளைநோயின் கேடு என்கிறார்கள். நான் கேட்கிறேன், யாருடைய வழக்கம்? மலக்குழியில் மூச்சடைத்துச் செத்தது, சூளைப் புகையில் நெஞ்சு பாழாகிச் செத்தது, ரத்தமில்லாமல் பிரசவத்தில் செத்தது, எல்லாம் வழக்கத்தில் சேர்ந்து கழிந்து போகிறது. சாதி வருசா வருசம் கொல்கிறது, அதனால் அது கூடுதலில் வராது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு வட இந்தியா, கிழக்கிந்தியாவின் ஒன்பது மாநிலங்களின் அரசுக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தது. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் ஆயுள் மூன்று வருசத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நாலு வருசத்துக்கு மேல் குறைவு என்று அது காட்டியது. இது கொள்ளைநோய்க்கு முந்தின கணக்கு.

கொள்ளைநோய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. 2024இல் வந்த இன்னோர் ஆய்வு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்து, 2019ஐவிட 2020இல் ஆயுள் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தது. உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 வருசம். தலித்துகளுக்கு 2.7. ஆதிவாசிகளுக்கு 4.1. முஸ்லிம்களுக்கு 5.4. அரசு இதையும் மறுத்தது. மறுக்கட்டும். மறுக்கிறவர்கள் தங்கள் பதிவேட்டைக் காட்டி மறுக்க வேண்டும். காட்ட முடியாது. நம் நாட்டு இறப்புப் பதிவுப் படிவத்தில் மதத்துக்குக் கட்டம் இருக்கிறது. செத்தவர் பீடி குடித்தாரா, பாக்கு போட்டாரா என்பதற்கும் கட்டம் இருக்கிறது. சாதிக்குக் கட்டம் இல்லை. ஓடைக்கு அந்தாண்ட புதைக்கும்போது தெரிகிற சாதி பதிவேட்டில் எழுதும்போது மட்டும் தெரியாமல் போகிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் பம்பாய் நகரத்தில் அந்தக் கட்டம் இருந்தது. அதனால்தான் 1918 இன்ஃப்ளூயன்சாவைப் பற்றி இன்றைக்கும் நம்மால் பேச முடிகிறது. அந்தக் கொள்ளைநோயில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். 1911ஐவிட 1921 குடிக்கணக்கில் சனத்தொகை குறைந்தே போனது. பம்பாய் நகரில் அந்த நோய்க்கு ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9.0. சாதி இந்துக்கள் 18.9. தாழ்த்தப்பட்டவர்கள் 61.6. ஒரே நகரம், ஒரே கிருமி. கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசுகிற நண்பர்களுக்கு இந்த நாலு எண்ணைப் படித்துக் காட்டுங்கள். கிருமிக்குத் தெரியாதுதான். குடிசைக்கும் கூலிக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் தெரியும்.

இன்னொன்று. கதவிலிருந்த பதினாறு நேர்க்கோட்டையும் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். நாலு பேர் பதிவிலேயே இல்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 1969ஆம் வருசத்துச் சட்டம் சொல்கிறது. ஏன் பதியவில்லை என்று வீடு வீடாகக் கேட்டேன். “எதுக்கும்மா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள் ஒரு கிழவி. ஊர்த்தெருவில் ஒருவர் செத்தால் பட்டா மாற்ற வேண்டும், பேங்க் பணம் எடுக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டும். எல்லாத்துக்கும் சான்றிதழ் கேட்பான். காணி நிலமில்லாத கிழவன் செத்தால் எதை மாற்றுவது? செத்ததை நிரூபிக்கவும் சொத்து வேண்டியிருக்கிறது. கூடுதல் சாவுக் கணக்குக்கு நோயின் பெயர் தேவையில்லை என்றேன். ஆனால் செத்தவர் பெயராவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் எந்தக் கூடுதலிலும் வரமாட்டார்கள்.

இந்தக் கணக்கு செய்ய முடியாத ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுச் சாவு கூடுதல் என்று சொல்லும், அந்தப் பதினெட்டு யார் என்று சொல்லாது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 2021 செப்டம்பரில், கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. நோய் உறுதியாகி முப்பது நாளுக்குள் செத்திருந்தால் வீட்டில் செத்தாலும் கொடுக்கலாம் என்றார்கள். உறுதியாவதற்குப் பரிசோதனை வேண்டும். பெரியம்மா மனு போட்டாள், திரும்பி வந்தது. என் நோட்டை எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். அதிகாரி பொறுமையாகத்தான் பார்த்தார். “இது மொத்தக் கணக்கும்மா. உங்க பெரியப்பாதான் அந்தக் கூடுதல்னு எப்படிச் சொல்வீங்க?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது கணக்குப்படி சரி. ஊர்க்காரர் பொணம் அத்தனையையும் வெறுங்கையால் எரித்தவன் எதால் செத்தான் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

பெரியப்பாவோடு வெட்டியான் வேலை எங்க குடும்பத்தில் முடிந்தது. அண்ணன் செய்யமாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போகிறான். ஊர்க்காரர்கள் பொணம் எரிக்கப் பட்டணத்திலிருந்து ஆள் கூட்டி வருகிறார்கள். நான் போராடிக் கேட்டதும் இதைத்தான். ஆனால் அந்தக் கதவில் கோடு போட இப்போது ஆள் இல்லையே என்று ஒருநாள் உறைத்தது. கூலி பாக்கிக்காகப் போட்ட கோடுதான், வேலையோடு அதுவும் போயிற்று.

அதனால் இரவுப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். செத்தவர் பெயர், வயசு, தேதி, ஆணா பெண்ணா, எந்தத் தெரு, என்ன வேலை செய்தார், எத்தனை நாள் படுத்திருந்தார், பதிவு செய்தாயிற்றா. ஊர்த்தெருச் சாவையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒப்பிட அது வேண்டும். இறப்புப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டும், சாதிவாரியாகச் சாவுக் கணக்கை வருசந்தோறும் வெளியிட வேண்டும் என்பதை நம் இயக்கங்கள் கோரிக்கையாக வைக்க வேண்டும். அடுத்த குடிக்கணக்கெடுப்பில் சாதியைக் கேட்கப்போவதாக 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. உயிரோடு இருப்பவர்களின் சாதியை எண்ணினால் போதாது. எந்தச் சாதி எத்தனை வயசில் சாகிறது என்பதும் வெளியே வரவேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது ‘வழக்கமாக எத்தனை பேர்’ என்று யாராவது கேட்பார்கள். எங்க சேரியில் அதற்குப் பதில் சொல்ல நோட்டில் இப்போது ஏழு பக்கம் நிறைந்திருக்கிறது.